ஒரு சொல்லுக்கு ஓர் இரவு! - பொறுமைக்காரர்களின் ரேடியோ

வாட்ஸ்அப்பில் ‘சாப்பிட்டாச்சா?’ என்று தட்டினால், அடுத்த விநாடியே அமெரிக்காவில் இருக்கும் மகனின் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்தக் காலத்தில், ஐந்தாறு எழுத்து மட்டுமே கொண்ட ஒரு செய்தியை அனுப்ப ஓர் இரவு முழுக்கக் காத்திருக்கும் சிலர் உலகில் இருக்கிறார்கள். அந்த எழுத்துகள் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால், பேரனுக்கு வேலை கிடைத்ததுபோல் கொண்டாடுகிறார்கள்.

இவர்கள் ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். சொந்தமாக வயர்லெஸ் நிலையம் வைத்து, பொழுதுபோக்காக உலகத்தோடு பேசுபவர்கள். 2004 சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் எல்லாம் செத்துப்போனபோது, போர்ட் பிளேரில் இருந்த ஹாம்கள்தான் உறவினர்களின் நலம் விசாரித்து வெளியே செய்தி சொன்னார்கள். அந்தக் கூட்டத்திலேயே ஒரு சிறு பிரிவு, ரேடியோ அலைகளின் அடித்தளத்துக்கே இறங்கி விளையாடுகிறது. அதற்குப் பெயர் வி.எல்.எஃப். ‘வெரி லோ ஃப்ரீக்வென்ஸி’, அதாவது மிகத் தாழ் அலைவரிசை.

இதில் இறங்க என்ன வேண்டும்? எங்கே தொடங்குவது? எது ஆபத்து? பள்ளி மாணவர் முதல் ஓய்வுபெற்ற தாத்தா வரை யார் வேண்டுமானாலும் முதல் படியை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

ஓர் அலையின் நீளம் 36 கிலோமீட்டர்!

நாம் கேட்கும் எஃப்.எம். ரேடியோ சுமார் 100 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. விநாடிக்கு 10 கோடி அலைகள். ஓர் அலையின் நீளம் 3 மீட்டர், ஒரு ஆட்டோவைவிடச் சற்றுப் பெரிது.

வி.எல்.எஃப். என்பது 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை. ஹாம்கள் அதிகம் புழங்கும் 8.27 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 8,270 அலைகள்தான். அதனால் ஒவ்வோர் அலையும் 36 கிலோமீட்டர் நீளம். சென்னை கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால், தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர் பக்கம் போய்ச் சேரும்போதுதான் ஓர் அலை முடியும்!

இவ்வளவு நீளமான அலைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பூமியின் தரை ஒரு பக்கம், வானில் 70 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும் அயனி மண்டலம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து ஒரு பிரமாண்டக் குழாய்போல் வேலை செய்கின்றன. அந்தக் குழாய்க்குள் இந்த அலைகள் மிகக் குறைந்த இழப்போடு கண்டம் விட்டுக் கண்டம் போகின்றன. மலை மறைக்காது, மழை தடுக்காது.

கட்டபொம்மன் பேசும் அலைவரிசை

இந்த அலையின் முக்கியமான வேலை ஒன்று நம் ஊரிலேயே நடக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் வானத்தைத் தொடும் கம்பங்கள் நிற்கின்றன. அதுதான் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990-ல் தொடங்கப்பட்ட இந்த நிலையம், 18.2 கிலோஹெர்ட்ஸில் கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. 2014-ல் விரிவாக்கப்பட்டபோது எழுப்பிய கம்பங்களின் உயரம் 471 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு அடுக்கினாலும் எட்டாது.

உப்புத் தண்ணீர் ரேடியோவுக்கு எதிரி. எஃப்.எம். அலை கடலில் சில சென்டிமீட்டரிலேயே செத்துவிடும். வி.எல்.எஃப். அலை மட்டும் 10, 20 மீட்டர் ஆழம் வரை இறங்கும். அதனால்தான் பெரிய கடற்படைகள் எல்லாம் இதை நம்புகின்றன. ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் 19.8 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையம், அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் 24 கிலோஹெர்ட்ஸில் இன்னொன்று. நம் நாட்டின் அடுத்த நிலையத்துக்கு, 2024 அக்டோபரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. காட்டு மரங்கள் வெட்டப்படும் என்று அங்கே எதிர்ப்பும் எழுந்தது.

அரை கிலோமீட்டர் உயரக் கம்பமும் காடளவு நிலமும் கேட்கும் தொழில்நுட்பம் இது. இதை மொட்டைமாடியில் வைத்து விளையாட முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள்தான் நம் பொறுமைக்காரர்கள்.

15 லட்சம் செலவு, ஒரு ரூபாய் வரவு

ஓர் ஆன்டெனா நன்றாக வேலை செய்ய, அலையின் நீளத்தில் கால் பங்காவது உயரம் வேண்டும். 36 கிலோமீட்டரில் கால் பங்கு 9 கிலோமீட்டர். எவரெஸ்ட்டைவிட உயரம்! வீட்டில் கட்டக்கூடியது அதிகபட்சம் 30 மீட்டர் உயரக் கம்பி. யானைக்கு ஊதுகுழலை ஊத எறும்பைக் கூப்பிட்ட கதைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் உயரக் கம்பி. அதன் உச்சியிலிருந்து பக்கவாட்டில் கொடிக்கயிறுபோல் இன்னும் கொஞ்சம் கம்பி. இதில் 0.3 ஆம்பியர் மின்சாரம் பாய்ச்ச வேண்டும் என்றால் சுமார் 90 வாட் தேவைப்படலாம். அந்த 90 வாட்டில் ரேடியோ அலையாக வெளியே போவது ஒரு வாட்டில் லட்சத்தில் ஆறேழு பங்கு மட்டுமே. மிச்சம் எல்லாம் மண்ணையும் செம்புச் சுருளையும் சூடாக்குவதோடு சரி. ரூபாய்க் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 15 லட்சம் செலவழித்து ஒரு ரூபாய் வரவு.

சுருள் இன்னொரு தலைவலி. அலையோடு ஒத்துப்போக, ஆன்டெனாவின் அடியில் 1.2 ஹென்றி அளவுள்ள செம்புக் கம்பிச் சுருள் வேண்டியிருக்கும். சாதாரண ரேடியோவுக்குள் இருக்கும் சுருள்களைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. ஐரோப்பிய ஹாம்கள் பிளாஸ்டிக் வாளிகளிலும் பெரிய பி.வி.சி. குழாய்களிலும் கிலோமீட்டர் கணக்கில் கம்பி சுற்றுகிறார்கள். வேலை செய்யும்போது அந்தச் சுருளின் உச்சியில் நிற்கும் மின்னழுத்தம் 19,000 வோல்ட். நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட்தான்.

ஒரே ஆறுதல், டிரான்ஸ்மிட்டர். 8 கிலோஹெர்ட்ஸ் என்பது நம் காது கேட்கும் ஒலியின் எல்லைக்குள் வரும் எண். அதனால் தனியாக ரேடியோ கருவி வேண்டாம். கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டிலிருந்து சிக்னலை எடுத்து, கல்யாண வீட்டில் பாட்டுப் போடும் ஆம்ப்ளிஃபையரில் பெரிதாக்கினால் போதும். ஸ்பீக்கருக்குப் பதில் ஆன்டெனா!

பலத்தால் முடியாதது பொறுமையால் முடிந்தது

இத்துனூண்டு சிக்னல் எப்படிக் கடல் தாண்டும்? அதற்கான விடை ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்ற நம் பழமொழியில் இருக்கிறது.

இரவு வானத்தைப் போனில் ஒரு நொடியில் படம் எடுத்தால் பத்து நட்சத்திரம்கூடத் தெரியாது. அதே கேமராவை அசையாமல் வைத்து, ஷட்டரை வெகுநேரம் திறந்தே வைத்தால் ஆயிரம் நட்சத்திரங்கள் தெரியும். வெளிச்சம் மெல்ல மெல்லச் சேர்கிறது. வி.எல்.எஃப்.பிலும் அதுதான் உத்தி. ஒரே சிக்னலை ஒரு மணி நேரம் மாறாமல் அனுப்பு. மறுபக்கம் ஒரு மணி நேரமும் கேட்டதைக் கூட்டிக்கொண்டே வா. சிக்னல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது. தன்னைத்தானே அடித்துக்கொண்டு தணியும். ஒரு விநாடி கேட்பதற்குப் பதில் ஒரு மணி நேரம் கேட்டால், 3,600 மடங்கு வலிமையான டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பதற்குச் சமம்.

ஒரே நிபந்தனை, இரண்டு பக்கத்துக் கடிகாரமும் அச்சுப் பிசகாமல் ஓட வேண்டும். 8.27 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்துக்கு 2 கோடியே 97 லட்சம் அலைகள் போகும். அதில் அரை அலை தவறினாலும் கூட்டல் கழித்தலாகிவிடும். சாதாரண கம்ப்யூட்டர் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே சுமார் 600 அலைகள் தப்பிவிடும். அதனால் ஹாம்கள் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்குகிறார்கள். கார்களில் வழிகாட்டும் அதே ஜி.பி.எஸ்., விநாடிக்கு ஒரு துடிப்பு என்று துல்லியமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு செய்தி அனுப்ப ‘எப்நாட்’ என்றொரு முறையே உருவாக்கப்பட்டிருக்கிறது.

2010-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு ஹாம், பட்டத்தில் கம்பி கட்டி உயரே பறக்கவிட்டு, 8.97 கிலோஹெர்ட்ஸில் அனுப்பிய சிக்னலைத் தொலைதூரத்தில் இருந்தவர்கள் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடாகப் பார்த்தார்கள். 2014-ல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து கிளம்பிய ஒரு சிக்னல், அட்லான்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்தில் பதிவானது. அதன் பலம் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிள்ளைகளின் பொம்மைக் காரில் எரியும் சின்ன விளக்கே அதைவிடப் பலமடங்கு சக்தியோடு எரியும்!

யாருக்கும் சொந்தமில்லாத மூலை

இவர்கள் ஏன் 8.97, 8.27 என்று விநோதமான எண்களில் போய் உட்கார்ந்தார்கள்? அதற்குப் பின்னால் நில அளவைபோல் ஒரு கதை இருக்கிறது.

உலக நாடுகள் கூடி ரேடியோ அலைவரிசைகளைப் பங்கு பிரித்து வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியல் நெடுங்காலம் 9 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்கியது. அதற்குக் கீழே பட்டா போடாத புறம்போக்கு. அதனால் சில நாட்டு ஹாம்கள் 9-க்குச் சற்றுக் கீழே, 8.97-ல் இடம் பிடித்தார்கள். ‘கனவு காண்பவர்களின் அலைவரிசை’ என்று செல்லப் பெயரும் வந்தது.

2012-ல் நடந்த உலக ரேடியோ மாநாட்டில், எங்கே மின்னல் விழுகிறது என்று கண்டறியும் வானிலைக் கருவிகளுக்காக 8.3 வரை பட்டா நீட்டப்பட்டது. மின்னல் எச்சரிக்கை உயிர் காக்கும் விஷயம். ஹாம்கள் இன்னும் கீழே, 8.27-க்கு இடம் மாறிக்கொண்டார்கள்.

இது வெளிநாட்டுக் கதை. சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் ஹாம் உரிமம் வாங்கினாலும் அதில் வி.எல்.எஃப். அடங்காது. இங்கே இந்த அலைவரிசையில் வானில் ஒலிபரப்ப மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் தனியாகச் சோதனை அனுமதி பெற வேண்டும். நம் கடற்படையே புழங்கும் இடம் என்பதால், ‘சும்மா அனுப்பிப் பார்ப்போமே’ என்ற விளையாட்டே கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? உலகெங்கும் வி.எல்.எஃப். ஹாம்கள் தொடங்கிய இடத்தில்தான் நாமும் தொடங்க வேண்டும். முதலில் கேட்பது.

முதல் படி: 200 கிராம் கம்பியும் ஒரு லேப்டாப்பும்

தேவையானவை: மரச்சட்டம், எனாமல் பூசிய செம்புக் கம்பி, மைக் செருகும் வசதியுள்ள லேப்டாப். அவ்வளவுதான்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்துகொள்ளுங்கள். மோட்டார் வைண்டிங் கடையில் 28 கேஜ் கம்பி கேளுங்கள். எடைபோட்டுத் தருவார்கள். சட்டத்தைச் சுற்றி 50 சுற்று சுற்ற 200 மீட்டர் வேண்டும். சுமார் 200 கிராம் நிற்கும். இரண்டு முனையிலும் எனாமலைச் சுரண்டிவிட்டு, ஒரு மைக் பின்னில் பற்றவைத்து லேப்டாப்பில் செருகுங்கள். லேப்டாப்பில் மைக் துளை இல்லையென்றால் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். போனிலும் முயலலாம், ஆனால், பல போன்கள் பேச்சுக் குரலைத் தவிர மற்றதை எல்லாம் தாமாகவே வடிகட்டிவிடும்.

‘ஸ்பெக்ட்ரம் லேப்’ போன்ற இலவச மென்பொருளைத் திறந்தால், ஒலியை நிறங்களாக மாற்றி அருவிபோல் ஓடவிடும் திரை வரும். சவுண்ட் கார்டு விநாடிக்கு 48,000 முறை அளந்தால், 24 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம். 18.2-ல் ஒரு கோடு பளிச்சென்று தெரிகிறதா? அதுதான் கட்டபொம்மன்! அதிர்ஷ்டம் இருந்தால் 19.8-ல் ஆஸ்திரேலியக் கோடும் தெரியும். சங்கேதச் செய்தி என்பதால் அதில் என்ன சொல்கிறார்கள் என்று நமக்குப் புரியாது, புரியவும் தேவையில்லை. ஓர் அலை வந்து சேர்வதைப் பார்ப்பதுதான் நம் வேலை. கம்பங்களை நேரில் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட ராணுவ இடம்.

முதல் நாள் வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் இரைச்சல்தான் வரும். எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாமே இந்த அலைவரிசையில் கூச்சல் போடும். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சட்டத்தை மெல்லச் சுற்றித் திருப்பினால், ஒரு திசையில் இரைச்சல் குறையும். மின்கம்பி இல்லாத களத்துமேடு, கடற்கரை, பள்ளி மைதானம் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடுகு வெடிக்கும், பறவை கூவும்

இப்போது ஹெட்போனை மாட்டுங்கள். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று கேட்கும். ஒவ்வொரு வெடிப்பும் எங்கோ விழுந்த ஒரு மின்னல். நம் ஊரில் வானம் தெளிவாக இருந்தாலும் சரி. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விழும் மின்னலும் கேட்கும். இருட்டிய பிறகு சில வெடிப்புகள் நீண்டு, ‘ட்யூ... ட்யூ...’ என்று சிறு பறவை கூவுவதுபோல் ஒலிக்கும். இதற்கு ‘ட்வீக்’ என்று பெயர். மின்னல் அலை தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையில் மேலும் கீழும் மோதிக்கொண்டே வருவதால் எழும் ஓசை அது.

முதல் உலகப் போரில் எதிரிகளின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கப் போன ஜெர்மனி இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹவுசனின் காதில், மேலிருந்து கீழே இறங்கும் விசில் சத்தம் விழுந்தது. மின்னல் அலை, பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்குப் போய் எதிர் அரைக்கோளத்தில் இறங்குவதால் வரும் சத்தம் என்று 1953-ல் கேம்பிரிட்ஜில் ஓவன் ஸ்டோரி விளக்கினார். காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டிப் போவதால், இந்த விசில் நம் பக்கம் கேட்பது அபூர்வம். நமக்குப் பறவைதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூரியனில் தீப்பிழம்பு வெடித்தால், எட்டு நிமிடத்தில் அதன் எக்ஸ் கதிர்கள் இங்கே வந்து அயனி மண்டலத்தின் அடிப்பகுதியைத் தாக்கும். உடனே 18.2 கோட்டின் பலம் மாறும். அந்தக் கோட்டின் உயரத்தை நாள் முழுக்கப் பதிவு செய்தால், சூரிய உதயம், அஸ்தமனம், சூரிய வெடிப்பு எல்லாம் வரைபடமாகக் கிடைக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ‘சூப்பர் சிட்’ என்ற பெயரில் மாணவர்களுக்காகவே இதை நடத்துகிறது. 2009 ஜூலை 22 சூரிய கிரகணத்தின்போது, கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம் நம் விஜயநாராயணம் சிக்னலை வைத்து ஆராய்ச்சி செய்தது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைவிட நல்ல செயல்திட்டம் கிடைக்காது.

இரண்டாம் படி: ஓர் அறைக்குள் ஒலிபரப்பு

கேட்டாயிற்று. அனுப்ப ஆசை வரும். வானுக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே அதன் ருசியைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

அதே அளவில் இரண்டாவது சட்டம் ஒன்று செய்யுங்கள். 200 மீட்டர் கம்பியின் மின்தடை சுமார் 31 ஓம். சாதாரண ஹெட்போனுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் போனின் ஹெட்போன் துளையில் நேரடியாகச் செருகலாம். ஒலி உருவாக்கும் ஆப் ஒன்றில் 8,270 என்று வைத்து ஓடவிடுங்கள். போனிலிருந்து சத்தமே வராது. ஆனால், இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் லேப்டாப் திரையில் 8.27-ல் ஒரு கோடு விழும்! காது கேட்கும் கருவிகளுக்காகச் சில அரங்குகளில் பதித்திருக்கும் காந்த வளையம் வேலை செய்வதும் இப்படித்தான். இது அருகிலேயே அடங்கிவிடும் காந்தப்புலம். வானில் போகும் அலை அல்ல.

இனிதான் பாடம். சட்டத்தை நகர்த்துங்கள். தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் எட்டில் ஒரு பங்காகும். பத்துப் பதினைந்து மீட்டரில் கோடு மறைந்தே போகும். இப்போது மென்பொருளில், ஒரு விநாடிக்குப் பதில் ஒரு நிமிடம் கூட்டிப் பார்க்கும்படி மாற்றுங்கள். மறைந்த கோடு மெல்லத் தலைகாட்டும். போனின் சத்தத்தைக் கூட்டவில்லை. ஆம்ப்ளிஃபையர் வாங்கவில்லை. காத்திருந்தோம், அவ்வளவுதான். அட்லான்டிக்கைத் தாண்டிய அதே வித்தை, உங்கள் வீட்டுக் கூடத்தில்!

மகளோ பேரனோ அந்தக் கோட்டை நிறுத்தி நிறுத்தி விட்டு, தன் பெயரை மோர்ஸ் புள்ளி கோடுகளாக எழுதிப் பார்க்கலாம். ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம், ஒரு கோட்டுக்கு மூன்று நிமிடம். ‘கவின்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதி முடிக்க, கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

மூன்றாம் படி: உரிமம்

வானில் பேச வேண்டும் என்றால் உரிமம் கட்டாயம். தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் அடிப்படை ரேடியோ அறிவும் விதிமுறைகளும் கேட்பார்கள். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். இரண்டு நிலை உண்டு. தொடக்க நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. தேறினால் ‘வி.யு.’ என்று தொடங்கும் அழைப்புக் குறி உங்கள் பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் துறையின் ‘சரல் சஞ்சார்’ இணையதளத்தைப் பாருங்கள்.

உரிமம் வந்ததும் நேராக வி.எல்.எஃப்.புக்குப் போய்விட முடியாது. எல்லோருக்கும் திறந்திருக்கும் அலைவரிசைகளில் கை பழக வேண்டும். உள்ளூர் ஹாம் சங்கத்தில் ஒரு மூத்தவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, திட்டத்தை எழுதித் தனி அனுமதி கேட்பது நியாயமான பாதை.

உயிர் முக்கியம்

இந்தப் பொழுதுபோக்கில் மூன்று ஆபத்துகள் உண்டு. குழந்தைகள் படித்தால் இதை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள்.

முதலாவது, பட்டம். வெளிநாட்டில் பட்டத்தில் கம்பி கட்டினார்கள் என்று படித்தோம். ஆளில்லா வெட்டவெளியில், அனுபவசாலிகள் செய்தது அது. தெருவுக்குத் தெரு மின்கம்பி ஓடும் நம் ஊரில் உலோகக் கம்பி கட்டிய பட்டம் நேராக எமனுக்கு அனுப்பும் அழைப்பு. வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, மின்னல். கேட்கும் கருவிதானே என்று இடி இடிக்கும்போது திறந்தவெளியில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஹெட்போனில் வெடிப்புகள் நெருங்கி, பலமாகக் கேட்கத் தொடங்கினாலே கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள்.

மூன்றாவது, சுருள். 90 வாட் ஆம்ப்ளிஃபையர்தானே என்று அலட்சியம் வரும். அதே 90 வாட்தான் ஆன்டெனாவில் 19,000 வோல்ட்டாக நிற்கிறது. தொட வேண்டியதுகூட இல்லை. மிக நெருங்கினாலே பொறி பாயும். அனுமதி பெற்ற பிறகும், தனியாக இருக்கும்போது இதில் கை வைக்கக் கூடாது.

ஆண்டுக்கு இருமுறை பாட்டன் பேசுவார்

கேட்கப் பழகியவர்களுக்கு ஒரு திருவிழா உண்டு. சுவீடனின் கிரிமெட்டனில் 1920-களில் கட்டிய ஒரு நிலையம் இருக்கிறது. அட்லான்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குத் தந்தி அனுப்பப் பிறந்தது. எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் வடிவமைத்த அதன் டிரான்ஸ்மிட்டரில் வால்வு இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை. சுழலும் ஒரு பெரிய இரும்புச் சக்கரம்தான் 17.2 கிலோஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. 127 மீட்டர் உயரமுள்ள ஆறு கோபுரங்கள் ஆன்டெனாவைத் தாங்குகின்றன. இந்த வகையில் இன்றும் ஓடக்கூடியது உலகிலேயே இது ஒன்றுதான். 2004-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஜூலை 2-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளும் அந்தச் சக்கரத்தைச் சுழற்றி மோர்ஸில் வாழ்த்து அனுப்புவது வழக்கம். நாம் சுற்றிய அதே மாதிரி கம்பி வளையங்களை வைத்து, பல நாட்டு ஹாம்கள் காத்திருந்து கேட்கிறார்கள். நம் நாட்டிலிருந்து பிடிப்பது கடினம்தான். பக்கத்திலேயே கட்டபொம்மன் உரக்கப் பேசிக்கொண்டிருப்பார். ஆனால், கடினமானதைப் பிடிப்பதுதானே இந்த விளையாட்டு!

இதனால் என்ன லாபம்?

இந்தக் கேள்வியை வீட்டில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். பணமாக ஒன்றும் இல்லை. கையில் செல்போன் இருக்க, எதற்கு இந்தக் கம்பிச் சட்டம் என்பார்கள்.

செல்போனில் செய்தி எப்படிப் போகிறது என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அது நம்மை விடுவதும் இல்லை. இங்கே ஒவ்வொரு கண்ணியும் உங்கள் கையில். கம்பியை நீங்கள் சுற்றினீர்கள். இரைச்சல் எந்த பல்பிலிருந்து வருகிறது என்று நீங்களே கண்டுபிடித்தீர்கள். வங்கக்கடலில் விழுந்த மின்னலை உங்கள் காது கேட்டது. எதற்கெடுத்தாலும் ‘உடனே வேண்டும்’ என்று கேட்கும் வயதுப் பிள்ளை, ஒரு கோடு திரையில் எழுவதற்காகப் பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்கும் காட்சியை வீட்டில் பார்ப்பதும் சின்ன லாபம் இல்லை.

தொடங்குபவர்களுக்கு ஒரு சுருக்கப் பட்டியல்

• 1 மீட்டர் சதுரச் சட்டம், 28 கேஜ் எனாமல் செம்புக் கம்பி 200 கிராம், மைக் பின்.

• பேட்டரியில் ஓடும் லேப்டாப், ஸ்பெக்ட்ரம் காட்டும் இலவச மென்பொருள்.

• முதல் இலக்கு: 18.2 கிலோஹெர்ட்ஸ் கோடு. இரண்டாவது: இருட்டிய பிறகு ட்வீக் ஓசை.

• ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், இடம், என்ன தெரிந்தது என்று எழுதிவையுங்கள். பத்து நாள் குறிப்பு சேர்ந்ததும் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் தானே புரியும்.

• அறைக்குள் இரண்டு சட்டச் சோதனை. அதற்குமேல் வானில் அனுப்புவது என்றால் உரிமமும் தனி அனுமதியும்.

• இடி, மின்னல், மின்கம்பி இருக்கும் இடத்தில் வேண்டாம்.

இந்த வார இறுதியில் வைண்டிங் கடைப் பக்கம் போனால், ஒரு 200 கிராம் கம்பி வாங்கி வாருங்கள். மிச்சத்துக்குத் தேவை ஒரு மாலை நேரமும், உடன் உட்கார வீட்டில் ஒருவரும்தான்.